எழுந்து போக முடியாதவரிடம் பிரசங்கம் வேண்டாம்: வேலூர்ப் பகுதிச் சபைகளுக்கு ஒரு சேவைக் கையேடு

குருசேகரக் கமிட்டிகளில், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகக் குழுக்களில், ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த வாக்குவாதம் எழாமல் இருப்பதில்லை. தெருப் பிரசங்கமும் கைப்பிரதி ஊழியமும் குறைந்துபோனதால்தான் சபை சோர்ந்து கிடக்கிறது என்பார்கள் ஒரு சாரார். பசித்தவனுக்குச் சோறு போடாமல் வசனம் சொல்லி என்ன பயன் என்று யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறப்பார்கள் மறு சாரார். இரு பக்கத்தாரிடமும் வசனம் இருப்பதால் பேச்சு முடிவதே இல்லை. தேநீர் வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அந்த வழக்கைத் தீர்த்துவைப்பது இக்கையேட்டின் வேலை அன்று. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆர்க்காட்டின் பெரும்பகுதியில், சேவையில் இறங்க விரும்பும் ஒரு சிறிய சபையோ, வாலிபர் ஐக்கியமோ, பெண்கள் ஐக்கியமோ எதைத் தொடங்கலாம், எப்படித் தொடங்கலாம், எந்த இடத்தில் வாய் திறக்கலாம், எந்த இடத்தில் மூடிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்வதே இதன் நோக்கம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் பேசத் தொடங்கும்போது, கேட்பவருக்கு விருப்பமில்லையென்றால் அவரால் எழுந்து போக முடியுமா? கடைத்தெருவில் பிரசங்கம் கேட்பவர் பிடிக்காவிட்டால் நடையைக் கட்டிவிடலாம். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியால் அது முடியாது. உங்கள் கையிலிருந்து அரிசிப் பையை வாங்க வரிசையில் நிற்பவராலும் முடியாது. உங்களிடம் கடன்பட்டவர், உங்கள் பள்ளியில் பிள்ளைக்கு இடம் கேட்டு வந்தவர், உங்கள் சிபாரிசுக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர் எல்லாரும் இந்த வகையில் ஒன்றுதான். எழுந்து போக முடியாதவரிடம் செய்யப்படும் பிரசங்கத்தை அவர் கேட்கிறார் என்று சொல்வதைவிடச் சகித்துக்கொள்கிறார் என்று சொல்வதே சரி. அங்கே கையை மட்டும் நீட்டுங்கள். அவர் விடுபட்டு, நலமடைந்து, உங்களுக்குச் சமமாக எதிரே உட்காரும் நாளில், அவர் கேட்டால், பேசுங்கள்.

திண்டிவனத்து இரவு

இந்தப் பகுதிச் சபைகளில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையும் ஐடா ஸ்கடரின் கதையை அறியும். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவிக்கு உதவ வருமாறு அவரை அழைத்தார்கள். தன் தந்தை மருத்துவர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு வழக்கம் இடம் தராது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். நம் பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் சேவை செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததைத்தான். அந்த மூவரின் வழக்கம் தவறு என்று அவர்களுக்குப் போதிக்க ஐடா கிளம்பவில்லை. அவர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய மருத்துவராகத் தானே மாறி வருவதற்காகப் படிக்கப் போனார். 1900இல் வேலூருக்குத் திரும்பி ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வந்தது. பிறகு குடியாத்தம் சாலையில் மரத்தடி மருத்துவம் ஆரம்பமானது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. இதற்கெல்லாம் பிடித்த காலத்தைக் கணக்குப் போட்டால், ஒரு நல்ல பிரசங்கத்துக்கும் ஒரு நல்ல சேவைக்கும் உள்ள வேறுபாடு முதலில் காலத்தில்தான் இருக்கிறது என்பது தெரியும். பிரசங்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சேவைக்கு ஆள் நிலைத்து நிற்க வேண்டும்.

ஆகவே முதல் யோசனை இது: நிலைத்து நிற்க முடியாத சேவையைத் தொடங்காதீர்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் போர்வை கொடுப்பது நல்லதுதான். ஆனால் அதைச் சேவை ஊழியம் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

தேவையைக் கண்டறிதல்

பல சபைகள் தம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சேவையை முடிவுசெய்கின்றன. பழைய துணி சேர்ந்திருந்தால் துணி, அறுப்பின் பண்டிகைக்கு வந்த காணிக்கை மிஞ்சியிருந்தால் அரிசி. இதற்கு மாறாக, ஒரு மாத காலம் எதையும் கொடுக்காமல் ஒரே ஒரு தெருவை, அல்லது ஒரு காலனியைச் சுற்றி வாருங்கள். அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் சுகாதாரச் செவிலியர், நியாயவிலைக் கடைக்காரர் ஆகிய மூவரிடமும் பேசினாலே யார் வீட்டில் என்ன குறை என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பலருக்கு அரிசி குறையாக இருக்காது. நியாயவிலைக் கடை இருக்கிறது. ஆதார் அட்டையில் பெயர் பிழையாக இருப்பது, மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை பேருந்தில் போக ஆளில்லாதது, படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை விட்டு மருமகள் வெளியே தலைகாட்ட முடியாதது, இவைதாம் குறையாக இருக்கும்.

வீடு வீடாகப் போகும்போது நேரத்தை யோசித்துப் போங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர்ப் பக்கங்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி முடிச்சிடும் அந்த விரல்கள் நிற்பதில்லை; பேசிக்கொண்டே சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. நீங்கள் எதிரே உட்கார்ந்து வேதாகமத்தை விரித்தால், மரியாதைக்காக முறத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொள்வார். நீங்கள் ஜெபித்து எழும் அரை மணி நேரத்துக்கான கூலி அவருக்குப் போயிற்று. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். இவரும் எழுந்து போக முடியாதவர்தான். இங்கே சரியான வேலை, அவரிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்பதும், இருந்தால் பிள்ளைகளுக்கு அந்த அட்டையைக் கொண்டு மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதைச் சொல்வதும், இணையத்தில் விண்ணப்பிக்கும் காலத்தில் கைப்பேசியோடு போய் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பதுமே ஆகும். கேட்கும்போது, "அக்கா, நீங்க சுத்திக்கிட்டே பேசுங்க, கை நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது

வேலூரில் சேவை என்றாலே, ஐடாவின் ஒற்றைக் கட்டிலிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையை நினைப்பது இயல்பு. காட்பாடி சந்திப்பில் வந்து இறங்கும் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களின் குடும்பங்கள், காந்தி சாலையிலும் சைதாப்பேட்டைப் பக்கத்திலும் விடுதி அறைகளில் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு சிகிச்சைக்கு அலைவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த கடைகள் நம் ஊரில் இருப்பதன் காரணம் அதுதான். நோயாளியை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கூட வந்தவரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. எந்தக் கட்டடத்துக்குப் போவது, இரத்தப் பரிசோதனை எங்கே, ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நிற்கும் ஒருவருக்கு, இந்தி தெரிந்த நம் வாலிபர் ஒருவர் அரை நாள் துணை நடந்தால், அது பத்து மேடைப் பேச்சுக்கு மேல். முன்கூட்டியே மருத்துவமனையின் குருவானவர் துறையிடமோ மக்கள் தொடர்பு அலுவலகத்திடமோ அனுமதி பெற்றுச் செல்லுங்கள். அனுமதியில்லாமல் வார்டுக்குள் நுழையவே கூடாது.

இரத்த தானம் இன்னொன்று. 18 முதல் 65 வயது வரையுள்ள, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. சபையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முகாம் நடத்தி எல்லாரையும் கொடுக்க வைத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, கொடுக்கக்கூடியவர்களின் பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் வைத்திருந்து, வாரத்துக்கு இருவர் என்று இரத்த வங்கிக்கு அனுப்புவது மேலானது. இரத்தம் கெட்டுப்போகும் பொருள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் காரணம் விளங்கும்.

நோயாளியின் கட்டிலருகே நிற்க நேர்ந்தால் கடைப்பிடிக்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் அவற்றை மீறக் கூடாது. "ஜெபிக்கட்டுமா?" என்று ஒரே ஒருமுறை கேளுங்கள். கேட்பதற்கு முன்பே உதவியைச் செய்து முடித்திருங்கள். ஜெபத்துக்கு ஒப்புக்கொண்டால்தான் உதவி கிடைக்குமோ என்ற ஐயம் அவர் மனத்தில் எழவே கூடாது. தயங்கினாலும், முகம் திரும்பினாலும், "அப்புறம் பார்க்கலாங்க" என்றாலும், அது வேண்டாம் என்ற பதில்தான். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். சம்மதித்தால் இரண்டு நிமிடம், தாழ்ந்த குரலில், அடுத்த கட்டில்காரருக்குக் கேட்காத அளவில் ஜெபியுங்கள். தலையணைக்கடியில் கைப்பிரதியைச் செருகிவிட்டு வருவது வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விசுவாசத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. சர்க்கரை, வலிப்பு, காசநோய், மனநோய் எதுவாயினும் சரி. அப்படிச் சொல்பவர் உங்கள் குழுவில் இருந்தால், எவ்வளவு ஜெபிக்கிறவராக இருந்தாலும், அவரை மருத்துவமனைக்கு அனுப்பாதீர்கள்.

தாள்களின் ஊழியம்

இதைப் படிப்பவர்களில் சிலருக்குச் சலிப்பு தட்டலாம். ஆனால் என் கணிப்பில், படித்தவர்கள் உள்ள ஒரு சபை செய்யக்கூடிய மிகப் பெரிய சேவை விண்ணப்பப் படிவம் நிரப்புவதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் சேரலாம். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சொல்லும்போது எளிது. வீட்டில் என்ன நடக்கும் என்றால், குடும்ப அட்டையில் "முனியம்மாள்" என்றிருக்கும், ஆதாரில் "முனியம்மா" என்றிருக்கும், பிறந்த ஆண்டு இரண்டிலும் வேறாக இருக்கும். நோய் வந்து படுத்த பிறகு இதைச் சரிசெய்ய ஓடுவார்கள். ஆகவே யாரும் நோயில் விழாத நல்ல நாளில், சபைக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, தெருவில் உள்ள எல்லா வீட்டாரையும் (சபையாரை மட்டும் அன்று) அட்டைகளோடு வரச்சொல்லி, எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டு, பிழையுள்ளதைத் தனியே குறித்து, இ-சேவை மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்தச் சிகிச்சை காப்பீட்டில் வரும் என்பதை மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு முகப்பில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைக் கேட்காமல் சேர்ந்துவிட்டுக் கடைசியில் நகையை அடகு வைத்த குடும்பங்கள் எந்தத் தெருவிலும் உண்டு.

முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ஆகியவற்றுக்கும் இதே மேசை போதும். இந்த மேசையின்மேல் வேதாகமம் இருக்கலாமா என்று ஒரு வாலிபர் என்னிடம் கேட்டார். மேசை சபைக் கூடத்தில்தான் இருக்கிறது, சுவரில் சிலுவை இருக்கிறது, நாம் யார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படிவம் நிரப்பும் கை வசனம் விளக்கத் தொடங்கினால், அடுத்த முறை அந்த வீட்டார் இடைத்தரகரிடம் பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று பதில் சொன்னேன்.

படுக்கையில் இருப்பவரின் வீட்டில்

பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவர் இருக்கும் வீட்டுக்கு நாம் வழக்கமாகப் போவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின், கும்பலாக, பாட்டுப் புத்தகத்தோடு. வீட்டார் எல்லாருக்கும் காப்பி போட வேண்டும். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். இருவர் மட்டும், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், இரண்டு மூன்று மணி நேரம் அங்கே இருப்பதற்காகப் போங்கள். அந்த நேரத்தில் வீட்டுப் பெண் கடைக்கோ, தன் தாய்வீட்டுக்கோ, ஒரு கல்யாணத்துக்கோ போய்வரட்டும்.

அங்கே செய்யத் தெரிந்திருக்க வேண்டியவற்றை ஒரு செவிலியரை வைத்து முன்னதாகக் கற்றுக்கொள்ளுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். பக்கம் மாற்றும்போது குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, தோள்பட்டை ஆகிய நான்கு இடங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் சிவப்பு மறையாமல் நின்றால், புண் தொடங்குகிறது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. அங்கே பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரிப்பில் சுருக்கமோ, சோற்றுப் பருக்கையோ இருக்கக் கூடாது. கஞ்சி கொடுக்கும்போது முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாக உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும், மல்லாந்து படுத்தவருக்குக் கொடுத்தால் புரையேறி மூச்சுக்குழாயில் போய்விடும். பேதி ஆகிவிட்டால் முகம் சுளிக்காமல் துடைத்துவிடத் தெரிய வேண்டும். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய யோவான் 13ஆம் அதிகாரத்தைப் பெரிய வியாழன் அன்று ஆராதனையில் நடித்துக் காட்டும் நாம், அதைச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

தேமலைப் போல வெளிறி, தொட்டால் உணர்ச்சியில்லாத தோல் திட்டு ஒன்று கண்ணில் பட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசிடம் இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ எடுத்தால் குணமாகிவிடும். காரிகிரியில் இதற்கென்றே மருத்துவமனை இருக்கிறது. வேலூரில் 1940களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கியபோது, எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது: கை நிமிர்ந்தவருக்கு இனிப் பிச்சையும் கிடைக்காது, வேலை கொடுப்பாரும் இல்லை. அதன் பிறகுதான் தச்சு வேலை முதலியவற்றைக் கற்றுத்தரும் நவஜீவ நிலையம் உருவாயிற்று. உதவி செய்து முடித்த மறுநாள் அந்த மனிதர் எங்கே போவார் என்று யோசிக்கும் பழக்கத்தை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

படமும் பணமும்

உதவி பெறுபவரைப் படம் பிடிக்காதீர்கள். சபையார் பணம் கொடுக்கிறார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டாமா என்று பொருளாளர் கேட்பார். ரசீதைக் காட்டுங்கள், கணக்கைக் காட்டுங்கள், எத்தனை வீடு என்று சொல்லுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் வார்த்தையைப் படித்துவிட்டு, தையல் இயந்திரம் வாங்கும் விதவையின் பக்கத்தில் ஆறு பேர் நின்று சிரிக்கும் படத்தைப் ஃப்ளெக்ஸ் பேனரில் போடும் வழக்கத்துக்கு நான் இன்றுவரை ஒரு நியாயமும் கண்டதில்லை.

பட்டியலில் யார் பெயர் வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் யார் என்பதுதான் இன்னும் கடினமான கேள்வி. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபைக்கு வந்த முறைப்பாட்டை எண்ணிப் பாருங்கள். கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், கவனிக்கப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. அதற்குத் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட பக்கத்தாரின் கையிலேயே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் இதை எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. நம் குழுக்களிலோ, காலனியில் சேவை செய்யும் கமிட்டியில் காலனிக்காரர் ஒருவரும் இருப்பதில்லை. பணத்தைப் பங்கிடும் முன் இந்த ஒன்றைச் சரிசெய்யுங்கள். அந்த ஏழு பேரில் ஸ்தேவானும் பிலிப்புவும் பின்னாளில் பந்திக்காக நினைக்கப்படவில்லை, பேச்சுக்காகவே நினைக்கப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கவனித்தால், கமிட்டியில் நாம் பிரித்து நிறுத்தும் இரு கட்சிகளும் ஆதிச் சபையில் ஒரே ஆளுக்குள் இருந்தன என்பது தெரியவரும்.

எப்போது பேசுவது

பேசவே கூடாது என்பது என் வாதமன்று. அமெரிக்க மிஷனரிகளின் ஆர்க்காடு மிஷன் 1853இல் அமைக்கப்பட்டபோது, கிராமங்களில் மக்களின் மொழியில் பிரசங்கிப்பதைத்தான் தன் முதன்மையான வேலையாக வைத்துக்கொண்டது. இராணிப்பேட்டையில் 1866இல் மருத்துவமனை வந்தது பின்னால்தான். திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியபோது, மருத்துவர்களான அந்த இருவரும் கதர் உடுத்தி, எளிய உணவுண்டு, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, திராவிடக் கோயிற்கலைப் பாணியில் ஒரு ஜெபாலயத்தையும் எழுப்பினார்கள். நோய்க்கு மருந்து வாங்க வந்தவர் வாங்கிக்கொண்டு போகலாம். ஜெபிக்க விரும்பியவர் ஜெபாலயத்துக்குள் நுழையலாம். சேவையும் ஆராதனையும் அடுத்தடுத்த வாசல்களாக இருப்பதில் தவறேதுமில்லை. ஒரு வாசலுக்குள் வந்தவரை மற்றதற்குள் தள்ளுவதுதான் கூடாது.

தெருக்கூட்டம் நடத்துவதானால் காவல் நிலையத்தில் முறைப்படி அனுமதி பெற்று, இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, அடுத்தவர் சாமியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நடத்துங்கள். சேவை நடக்கும் தெருவில் தெருக்கூட்டம் வேண்டாம். வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் படிவம் நிரப்பிக்கொண்டவர்கள் வராவிட்டால் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோமோ என்று நினைத்து வந்து நிற்பார்கள்.

தனிப்பேச்சில், கேள்வி அவர்களிடமிருந்து வரும்வரை காத்திருங்கள். உங்களிடம் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுருவின் முதல் நிருபம் சொல்வதில், கேட்கிறவர் என்ற ஒருவர் முதலில் இருக்கிறார். பெரும்பாலும் கேள்வி இப்படித்தான் வரும்: "எதுக்குங்க தம்பி எங்களுக்கு இவ்ளோ அலையுறீங்க?" அப்போது முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். "எங்க சாமி எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காருங்க, அதான்" என்று சொன்னால் போதும். மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள். கேட்காமல் பேச்சு மாறினால் நீங்களும் மாறிவிடுங்கள்.

சந்தேகத்தோடு வரும் கேள்வி வேறு வகை. "மதம் மாத்தத்தானே வந்திருக்கீங்க?" என்று தெருமுனையில் ஒருவர் நிறுத்திக் கேட்டால், கோபப்படவும் வேண்டாம், நாங்கள் மனிதாபிமான அமைப்பு மட்டும்தான் என்று நழுவவும் வேண்டாம். "இல்லீங்கண்ணா. நாங்க சர்ச்சுல இருந்துதான் வர்றோம். இந்த வாரம் பேப்பர் வேலைக்கு வந்திருக்கோம். உங்க வீட்லயும் அட்டையில பேரு தப்பா இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வந்தால் உண்மையிலேயே செய்து கொடுங்கள். ஊராட்சித் தலைவருக்கோ வார்டு உறுப்பினருக்கோ முன்கூட்டியே தெரிவித்துவிடுவது பாதி சிக்கலைத் தவிர்க்கும். முடிந்தால் பக்கத்துக் கோயில் அன்னதானக் குழுவோடும், பள்ளிவாசல் இளைஞர்களோடும் சேர்ந்தே செய்யுங்கள். வெயில் காலத்துத் தண்ணீர்ப் பந்தலை யார் பெயரில் போட்டால் என்ன, தண்ணீர் ஒன்றுதான்.

உதவி பெற்ற குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக ஆலயத்துக்கு வந்து உட்கார்ந்தால், உடனே மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். அவர்கள் வீட்டுக் கஷ்டத்தை ஊரறியச் சொல்லவைப்பது உதவிக்கு விலை கேட்பதாகும். மற்றவர்களைப் போலவே வரட்டும், போகட்டும். மறுவாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டு வீட்டுக்குப் போக வேண்டாம். வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்ட குடும்பம் இருக்கிறதே, அந்த வீட்டுக் கிழவருக்குச் செவ்வாய்க்கிழமை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்களா என்பதைப் போதகர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறிப்பேட்டை வாங்கிப் பார்க்கட்டும்.

அந்தக் குறிப்பேட்டில் வீட்டின் அடையாளம், வாங்கும் மாத்திரைகளின் பெயர், அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி, விண்ணப்ப எண், யாரிடம் என்ன சொல்லியிருக்கிறோம் என்பவை மட்டும் இருக்க வேண்டும். ஆதார் எண்ணையும் கடவுச்சொல்லையும் எழுதிவைக்கக் கூடாது. போகிறவருக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துவிட்டால், குறிப்பேட்டைக் கமிட்டி அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடாமல், அடுத்துப் போகப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போய், "இனிமே இவங்கதான் வருவாங்க பாட்டி" என்று முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.